பட்டனை அமுக்குவது யார்?

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்வேன். சாப்பிடுகிறவராக இருந்தால் 'சுற்றுச்சூழல்' என்பதோடு நிறுத்திவிடுவேன். கை கழுவியவராக இருந்தால் மீதியையும் சொல்வேன். டெல்லியில் இறந்தவர்களை அதிகம் புகையில்லாமல் அனுப்பிவைக்க என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று, இருப்பவர்களிடம் எடுத்துச் சொல்லும் வேலை. எரிவாயு உலை ஒரு வழி. காற்றோட்டத்துக்கு இடம் விட்ட இரும்புச் சட்டத்தின்மேல் குறைந்த விறகை அடுக்கி எரிப்பது இன்னொரு வழி. மாட்டுச் சாணத்தை இயந்திரத்தில் கொடுத்துக் கட்டையாகப் பிழிந்து, காயவைத்து எரிப்பதும் உண்டு. நான் வேலை பார்ப்பது ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். தமிழ் தெரிந்தவன் என்பதால் தமிழர்கள் என் பொறுப்பு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். விழுப்புரம் பக்கம் அப்பா லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். எனக்கு வேலை கிடைத்ததும் தெருவுக்கே மிட்டாய் கொடுத்துவிட்டு, அதன்பிறகுதான் போனில் விவரம் கேட்டார். காற்று, நுரையீரல், மரங்கள் என்று நான் ஒழுங்காக வரிசைப்படுத்திச் சொன்னேன். அப்பா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"சரிப்பா. அதுக்கு எம்மெஸ்ஸி எதுக்கு?" என்றார்.

அப்பாவின் கேள்வியில் நியாயம் இருந்தது. எங்கள் சனங்களிடையே புதைப்பதுதான் வழக்கம். டெல்லிக்கு வரும்வரை ஒரு சிதையை நான் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. பெங்களூரிலிருந்து ஒரு நிபுணர் வந்து, 'இயற்கை அடக்கம்' என்று திரையில் படம் காட்டினார். பெட்டி வேண்டாம், சிமெண்டு வேண்டாம், ஒரு பருத்தித் துணியில் சுற்றி மண்ணில் வைத்து மேலே ஒரு செடி நட்டால் போதும் என்றார். சுற்றியிருந்தவர்கள் 'வாவ்' என்றார்கள். நானும் மரியாதைக்கு வாவ் என்றேன். அன்று சாயந்திரம் அப்பாவிடம் போனில் இதைச் சொன்னேன்.

"நம்ம தாத்தாவ அப்டித்தானடா வச்சோம்? வேட்டியில சுத்தி, மேல புங்கஞ்செடி நட்டோமே. அதுக்கா கிளாஸு?"

"ஆமாப்பா."

"படம்லாம் போட்டா?"

"ஆமாப்பா."

"நம்ம புங்கமரத்த வேணா போட்டோ புடிச்சி அனுப்பச் சொல்லவா?"

நான் தங்கியிருப்பது முனிர்காவில், இன்னும் மூன்று தமிழ்ப் பையன்களோடு ஒரே அறையில். அவர்களில் ஒருவன் சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கிறவன். "உன் ஃபீல்டுல மட்டும் ரிசஷனே வராது மச்சி" என்று பொறாமையோடு சொல்வான். வீட்டுக்காரம்மா கீழே குழாயடியில் என்னை மறித்து, "நஹா கே ஊப்பர் ஜா, பேட்டா" என்பார். குளித்துவிட்டுத்தான் மாடிப்படி ஏற வேண்டும். அன்று முழுக்க அலுவலகத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து எக்செல் பார்த்தேன் என்றாலும் விடமாட்டார். டெல்லி ஜனவரியில் குளித்துவிட்டுப் படியேறுகிறவனுக்குத் தன் தொழில்மேல் உண்மையான பற்று இருக்க வேண்டும். எனக்கு இருந்தது.

அந்தப் பற்றோடுதான் ஜனக்புரிக்குப் போனேன். அங்கே தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒருமுறை ஒரு கூடத்தில் சேர்ந்து பஜனை பாடுவார்கள். பஜனைக்கும் சுண்டலுக்கும் நடுவில் எனக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருந்தார்கள். செயலாளர் மைக்கைப் பிடித்து, "இப்ப இந்தத் தம்பி, நம்ம எல்லாருக்கும் பயன்படக்கூடிய, ஆனா பயன்படாம இருக்கணும்னு நாம வேண்டிக்கிற ஒரு விஷயத்தப் பத்திப் பேசுவார்" என்று அறிமுகம் செய்துவிட்டு, சீக்கிரம் என்று என்னிடம் கைகாட்டினார்.

நான் பேசினேன். குளிர்காலப் புகையைச் சொன்னேன், மரங்களைச் சொன்னேன், யமுனையைச் சொன்னேன். பேச்சில் எனக்கே மனம் இளகியது. முடித்ததும் ஒருவர் கையைத் தூக்கினார்.

"சாணிக் கட்டைன்னு சொன்னேளே, அது நாட்டு மாடா, ஜெர்ஸியா?"

"விசாரிச்சுச் சொல்றேன் சார்."

"விசாரிங்கோ. ஜெர்ஸின்னா நான் வரலை."

இன்னொருவர், "சிஎன்ஜின்னா நம்ம பம்புல மாதிரி க்யூவுல நிக்கணுமா?" என்றார். அவர் பக்கத்திலிருந்தவர், "நீ எங்கய்யா நிக்கப் போறே? ஜம்முன்னு படுத்துண்டிருப்பே" என்றார். கூடம் சிரித்தது. சுண்டல் வாளி அசைந்தது. என் நேரம் முடிந்தது என்று நினைத்தபோது மூன்றாவது வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து நின்றார். அறுபது தாண்டியவர், கெட்டியான கண்ணாடி, கையில் துணிப்பை. பேச்சு சுத்தத் திருநெல்வேலி.

"தம்பி, அந்த கேஸ் அடுப்புல பட்டன அமுக்குதது யாரு?"

"குடும்பத்துல யார் வேணும்னாலும் அமுக்கலாம்மா."

"ஆம்பளதான் அமுக்கணும்னு இருக்கா?"

"அப்படி ஒண்ணும் இல்லம்மா."

"பொம்பளப் பிள்ள?"

"தாராளமா அமுக்கலாம்."

அந்த அம்மாள் உட்காரவில்லை. கூட்டத்தைத் தாண்டி நேராக என்னிடம் வந்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச்சொல்லி விலாசம் சொன்னார். என் பேச்சு ஒருவரின் நெஞ்சைத் தொட்டுவிட்டது என்று நான் முனிர்காவரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் காபி கொடுத்தார்கள். அந்த அம்மாளின் கணவர், தணிக்கைத் துறையில் நாற்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர், எனக்கெதிரே உட்கார்ந்து நான் காபி குடிப்பதைச் சரிபார்த்தார். நான் மறுபடியும் புகையில் தொடங்கினேன்.

"புகையெல்லாம் கெடக்கட்டும்யா" என்றார் அம்மாள். "நான் சொல்லுதத முதல்ல கேளு. எங்களுக்கு ஒரே மகள். குருகிராமத்துல கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கா. அவ மாப்பிள பெங்காலி. அவரு மீன் வாங்க நல்லாப் பழகிக்கிட்டாரு, இந்த விஷயத்துல அவர நம்ம கணக்குல சேக்க வேண்டாம்."

"சரிங்கம்மா."

"மக பொறந்து தொட்டில் போடுத அன்னைக்கு, இவுக அண்ணன் ஊர்லேருந்து வந்திருந்தாரு. பிள்ளைக்குப் பேரு வச்சு இன்னும் காதுல சொல்லக்கூட இல்ல. குனிஞ்சு பாத்தாரு. 'பொட்டப் பிள்ளையா? பரவால்ல, கவலப்படாதீங்க. கொள்ளி வைக்க நம்ம பய இருக்காம்லா'ன்னாரு. அவரு மகனச் சொல்லுதாரு. எனக்கு அப்ப சின்ன வயசு. மடியில பச்சப்பிள்ள. பிள்ளைக்குப் பாலு ரெடியாகல, எனக்குக் கொள்ளி ரெடியாயிட்டு."

"அண்ணன் நல்ல மனசோடதான் சொன்னான்" என்றார் கணவர்.

"நல்ல மனசுதான். அதாம் முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம இத்தன வருசமா தொண்டையில நிக்கி." அவர் என் பக்கம் திரும்பினார். "எனக்கு எம்பிள்ளதான் வைக்கணும்யா. விறகுன்னா நம்ம சனம் விடாது. பொம்பள சுடுகாட்டுக்கு வரப்படாது, பந்தம் பிடிக்கப்படாதுன்னு ஆயிரம் சொல்லுவாக. இதுன்னா பட்டன்தான? லிஃப்டுல அமுக்குதா, மிக்ஸில அமுக்குதா. இதையும் அமுக்கிட்டுப் போறா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் பேச்சில் அவர் காதில் விழுந்தது பட்டன் ஒன்றுதான். யமுனையும் மரமும் வந்த வழியே போயிருந்தன.

கணவர் தொண்டையைச் செருமினார். "தம்பி, எனக்கு ஒரு அப்ஜெக்‌ஷன் இருக்கு. கொள்கையில இல்ல, நடைமுறையில. எம்மகளுக்குத் தீன்னா பயம். தீபாவளிக்குப் பால்கனியிலேருந்து இறங்க மாட்டா. வீட்ல கரண்ட் அடுப்புதான் வச்சிருக்கா, கேஸே கெடையாது. அவளப் போயி இதுல நிறுத்தி அழவைக்கணுமா? அண்ணன் மகன் வந்து வச்சுட்டுப் போறான். அவனுக்கென்ன, ரெண்டு நாள் லீவு."

"மேடம்கிட்ட இதப் பத்திக் கேட்டீங்களா?" என்றேன், மகளைக் குறித்து.

"எதுக்குக் கேக்கணும்? எம்பிள்ளையில்லா?" என்றார் அம்மாள்.

"கேட்டா அழுவா" என்றார் கணவர்.

ஆக யாரும் கேட்கவில்லை. விவாதம் காபி ஆறும்வரை நடந்து, கடைசியில் கணவர் ஒரு முடிவு சொன்னார். வாய்வார்த்தையை வைத்து எதையும் ஒப்புக்கொண்டு அவருக்குப் பழக்கமில்லை. இடத்தை நேரில் பார்க்க வேண்டும். "பிசிக்கல் வெரிஃபிகேஷன்" என்றார். அம்மாள் அதற்கு அசரவில்லை.

"நானும் வாரேன். செத்த பெறகு வந்தா கண்ணத் தொறந்தா பாக்கப் போறேன்? இப்பமே பாத்துக்கிடுதேன்."

அடுத்த வாரம் ஒரு காலையில் நான் மேற்கு டெல்லியில் உலை இருக்கும் அந்தச் சுடுகாட்டின் வாசலில் காத்திருந்தேன். மகள்தான் காரோட்டி வந்தார். இறங்கியதும் நுழைவு வளைவில் எழுதியிருந்ததைப் படித்தார். பிறகு பெற்றோரைப் பார்த்தார்.

"ம்மா! யே தோ ஷம்ஷான் ஹை!"

"ஆமா, சுடுகாடுதான்."

"வயசான காலத்துல இருக்க ஒரு எடம் பாக்கப் போறோம்னு சொன்னீங்க! நான் சீனியர் சிட்டிசன் ஃப்ளாட்டுனு நெனச்சு ஆஃபீஸ்ல லீவ் போட்டேன்!"

"எடம்தான" என்றார் கணவர். "லீவ் வேஸ்ட் இல்ல. ஜல்தி வா, வெயில் ஏறிரும்."

மகள் என்னை முறைத்தார். இந்த ஆள் யார் என்ற கேள்வி அதில் இருந்தது. நான் என் அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டேன்.

உலைக்கூடம் சுத்தமாக இருந்தது. வெள்ளை ஓடு பதித்த தரை, இரும்புக் கதவு, கதவுக்குள் போகிற தண்டவாளம், அதன்மேல் சக்கரம் வைத்த நீளமான தள்ளுவண்டி. அன்று இன்னும் யாரும் வரவில்லை. உலை குளிர்ந்து கிடந்தது. இயக்குகிற ஆள் ஒரு காதில் கிரிக்கெட் வர்ணனையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கணவர் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக் கதவின் அகலத்தை அளந்தார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். "கூரையில வெடிப்பு இருக்கு" என்றார். நான் பெருமையோடு இயக்குபவரிடம் இந்தியில் கேட்டேன்: பட்டனை வீட்டார் அமுக்கும்போது எங்கே நிற்பார்கள்?

"கர்வாலே?" அவர் காதிலிருந்ததைக் கழற்றினார். "பட்டன் மைன் தபாத்தா ஹூன். கர்வாலே பாஹர்." தான்தான் அமுக்குவாராம். வீட்டார் கம்பிக்கு வெளியே. பட்டன் இருக்கும் பெட்டி பூட்டியிருந்தது. சாவி அவர் இடுப்பில் தொங்கியது.

அம்மாள் மெதுவாக என்னைப் பார்த்தார். "தம்பி. பொம்பளப் பிள்ள தாராளமா அமுக்கலாம்னீயளே."

"எங்க பிரசுரத்துல, குடும்பத்தினர் பங்கேற்கலாம்னு..."

"அப்ஜெக்‌ஷன் நம்பர் ஒண்ணு" என்றார் கணவர், கொஞ்சம் குஷியாகவே.

வீட்டார் வேறு என்னதான் செய்வார்கள் என்று இயக்குபவரிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். வண்டியை உள்ளே தள்ளுவதற்கு முன்னால் சின்னத் தட்டில் சூடம் ஏற்றி மார்பின்மேல் வைப்பார்கள், அதுதான் அக்னி, அவ்வளவுதான் என்றார். யார் வைக்கலாம்? "கோயி பீ" என்றார். யார் வேண்டுமானாலும். ஆட்டம் விறுவிறுப்பான கட்டத்தில் இருந்ததால் ஸ்டூலிலிருந்து எழுந்து, எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, டிவி இருக்கும் கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டார்.

அம்மாளுக்கு உயிர் வந்தது. "சூடந்தான? பட்டனவிட சூடம் ஒசத்தி. ஏளா, நீ சூடத்த வச்சிரு."

"யாருக்கு?" என்றார் மகள்.

"எனக்குத்தான்."

மகளுக்கு இப்போதுதான் முழு விஷயமும் விளங்கியது. இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி பின்வாங்கினார். "நோ. ம்மா, நோ. மேரே ஸே நஹி ஹோகா, என்னால முடியாது. உனக்குத் தெரியும்ல? நான் பர்த்டே கேண்டில்கூட வேற யாரையாவது கொளுத்தச் சொல்வேன். உன்மேல நெருப்பு வைக்கச் சொல்றியா? பாகல் ஹோ க்யா? பைத்தியமா உனக்கு?"

"பாத்தியா? நான் சொன்னேம்லா" என்றார் கணவர்.

அம்மாள் சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். துணிப்பையை மடியில் வைத்து அதன் காதைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"சரி விடு. பயந்தா என்ன செய்ய முடியும்?" என்றார் கடைசியில். "அவனே வரட்டும். அதுக்குத்தான தொட்டில்லயே ஏற்பாடு பண்ணியாச்சு."

கணவர் ஜெயித்துவிட்டார். ஆனால் ஜெயித்தவர் மாதிரி நிற்கவில்லை. அளவு நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். மனைவியைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தள்ளுவண்டியின்மேல் ஏறிப் படுத்துவிட்டார்.

"என்னத்தச் செய்யுதிய! எந்திரிங்க!" அம்மாள் அலறினார்.

"நீளம் போதுமான்னு பாக்கணும்லா?" கூரையைப் பார்த்தபடி அவர் பேசினார். "போதும். தல மட்டும் லேசா இடிக்கி. சரி, சூடத்தக் கொண்டாங்க."

"எதுக்கு?"

"வெரிஃபிகேஷன்னா பாதியில நிறுத்தப்படாது. பிள்ள வைக்க மாட்டாங்கியா. வச்சுப் பாத்தாள்லா தெரியும்? உம்மேல வைக்கத்தான் பயம். எம்மேல வைக்கட்டும்."

"அபசகுனமாப் பேசாதிய!"

"ஏளா, நான் பேசிக்கிட்டிருக்கதே நல்ல சகுனந்தான்."

திரும்பும்போது கோயிலுக்குப் போவதாக இருந்ததால் அம்மாளின் துணிப்பையில் சூடமும் தீப்பெட்டியும் இருந்தன. ஸ்டூலின்மேல் எவர்சில்வர் தட்டு ஒன்று கிடந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன் செய்யக்கூடிய வேலை அந்த நேரத்தில் அது ஒன்றுதான் இருந்தது. கணவரே தட்டை வாங்கித் தன் மார்பின்மேல் வைத்து, அதில் சூடத்தை வைத்து, கைகளைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டார்.

மகள் தீப்பெட்டியைப் பாம்பைப் பிடிப்பதுபோல் பிடித்தார். முதல் குச்சி பற்றியதும் "ஐயோ" என்று வீசினார். அது என் காலடியில் விழுந்து அணைந்தது. அடுத்தது முறிந்தது. அதற்கடுத்ததும் என் பக்கம்தான் வந்தது.

"மூஞ்சியத் திருப்பாத" என்றார் படுத்திருந்தவர். "கைய நீட்டு. என்னப் பாக்காத, தீயப் பாரு."

"ப்பா, நீ பேசாதே! நீ டெட்!"

"சரி, நான் டெட்."

குச்சி பற்றியது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தார். சூடம் பிடித்துக்கொண்டு நின்று எரிந்தது. அம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். மகள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் இருந்தது, ஆனால் பின்வாங்கவில்லை.

"தட்டு சுடுது" என்றார் தணிக்கை அதிகாரி, உதட்டை அசைக்காமல். "பரவால்ல. தாங்கிக்கிடலாம். கொஞ்சம் சுடுது. ஏளா, நல்லாவே சுடுது, எடுங்களா!"

அந்த நேரத்தில்தான் வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. வெள்ளை குர்த்தா போட்ட ஆண்கள் ஒரு பாடையைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். வந்தவர்கள், தள்ளுவண்டியில் சூடத்தோடு படுத்திருந்த ஒருவர் தட்டைச் சட்டைநுனியால் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவதைப் பார்த்தார்கள். அப்படியே நின்றுவிட்டார்கள். முன்னால் நின்ற பெரியவர் ஒருவர்தான் முதலில் சமாளித்துக்கொண்டார். டெல்லிக்காரர், எங்கே போனாலும் வரிசை உண்டென்று அறிந்தவர். மரியாதையாக இவரிடம் கேட்டார்:

"பாய் சாப், ஆப் கா நம்பர் பெஹ்லே ஹை க்யா?"

உங்கள் முறை முதலிலா என்கிறார். இவரும் தட்டை ஏந்தியபடியே, அதே மரியாதையோடு சொன்னார்: "நஹி, நஹி. பெஹ்லே ஆப்."

நான் ஓடிப்போய் கைகூப்பி, எனக்குத் தெரிந்த இந்தியையெல்லாம் திரட்டி மன்னிப்புக் கேட்டேன். என்ன நடக்கிறது என்று விளக்கினேன். அந்தப் பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தவர், திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாடையில் இருப்பது தன் தாயார் என்றும், இதைப் பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பாள் என்றும் சொன்னார்.

நாங்கள் கம்பிக்கு வெளியே ஒதுங்கி நின்றோம். கிளம்பிவிடலாம் என்று நான் சாடை காட்டினேன், மகள் நகரவில்லை. அவர்கள் மந்திரம் சொன்னதையும், பெரியவர் சூடம் வைத்ததையும், டீ குடித்துவிட்டு வந்த இயக்குபவர் பெட்டியைத் திறந்ததையும், வண்டி தண்டவாளத்தில் சத்தமில்லாமல் உள்ளே போனதையும், கதவு இறங்கியதையும் கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"இவ்ளோதானா?" என்று என்னிடம் கேட்டார்.

"இவ்ளோதான் மேடம்."

"தீயே தெரியலையே."

"தெரியாது. புகையும் அதிகம் வராது. காத்துக்கு ரொம்ப..."

"ம்மா" என்று அவர் என்னைத் தாண்டிக் கூப்பிட்டார். "சூடம் நான் வைக்கிறேன். பட்டன் அந்த ஆப்பரேட்டர் பையா அமுக்கட்டும். ஆனா ஒரு கண்டிஷன். அப்பா மாதிரி நீ நடுவுல பேசக்கூடாது."

"வாயத் தொறக்க மாட்டேன்" என்றார் அம்மாள். "சத்தியமா." மகளின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்காவது சுட்டிருக்கிறதா என்று. சுட்டிருந்தது கணவரின் சட்டையைத்தான். மார்பின் நடுவில் வட்டமாக ஒரு பழுப்பு. அதை யாரும் பார்க்கவில்லை என்பதில் அவருக்குச் சின்ன வருத்தம்.

"எனக்கும் இவளே வைக்கட்டும்" என்றார் அவர். "கை பழகிட்டுல்லா."

"காத்துக்கும் நல்லது சார்" என்றேன், விடாமல்.

"காத்துக்கும் நல்லதா? அப்படியும் வச்சுக்கிடுவோம்."

குழாயடியில் எல்லோரும் கை கால் கழுவி, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டோம். கணவர் அங்கேயே போனை எடுத்தார். முடிவான விஷயத்தைச் சம்பந்தப்பட்டவருக்கு உடனே தெரிவித்துவிட வேண்டுமாம். ஸ்பீக்கரில் போட்டார். பாளையங்கோட்டையிலிருந்து அண்ணன் மகன் எடுத்தார்.

"சித்தப்பா, சொல்லுங்க. எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியந்தான். சுடுகாட்டுல இருக்கோம்."

"சித்தப்பா... சித்தி எங்க?"

"இந்தா பக்கத்துல நிக்கா. நல்லாருக்கா. விஷயம் என்னன்னா, உன்ன ரிலீவ் பண்ணியாச்சு. எங்க ரெண்டு பேருக்கும் உன் தங்கச்சியே வச்சிருவா. நீ வந்தா வா, விருந்தாளியா வா. பொறுப்பு கெடையாது."

அண்ணன் மகன் கோபித்துக்கொள்வார் என்று அம்மாள் சேலைத் தலைப்பைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். போனிலிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது.

"சித்தப்பா, கோவிக்கப்படாது. ஒண்ணு சொல்லட்டா? அப்பா சின்ன வயசுலேருந்தே சொல்லிக்கிட்டே இருப்பாரு, டெல்லிக்கு நீதான் போணும், நீதான் போணும்னு. நான் ஒவ்வொரு டிசம்பரும் பயந்துக்கிட்டே இருப்பேன். அந்தக் குளிர்ல மொட்டை வேற போடணும்லா?"

அம்மாள் போனைப் பிடுங்கினார். "ஏய்யா, இத நீ முந்தியே சொல்லியிருக்கப்படாதா?"

"எப்படிச் சித்தி சொல்லுவேன்? நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்க முயன்று, அது இருமலாகி, இருமலை நிறுத்த மகள் முதுகில் தட்டி, கடைசியில் மூன்று பேரும் சுடுகாட்டுக் குழாயடியில் நின்று சிரித்தார்கள். வாசலில் சாமந்திப்பூ விற்கிறவன் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

காரில் ஏறும்போது அம்மாள் என்னிடம் திரும்பி, எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் சொல்வதுபோல் சொன்னார்: "அப்ப போயிட்டு வாரோம் தம்பி."

சொன்ன பிறகுதான் நின்ற இடம் நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். சுடுகாட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் அப்படிச் சொல்லக்கூடாது. எங்கள் ஊரிலும் கூடாதுதான். 'வாங்கம்மா' என்று சொல்வதா, 'வராதீங்கம்மா' என்று சொல்வதா? இரண்டுமே தப்பாகத் தோன்ற, நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

"என்னத்துக்கு முழிக்க?" என்றார் அவர் கணவர் என்னிடம், கார்க் கதவைத் திறந்துபிடித்தபடி. "வருவோம்லா. என்னைக்குன்னுதான் தெரியாது. ஏளா, நீ ஏறு."